சாவிக்காரரும் நாக்குக்குப் போகும் கிளையும்

சாவிக்காரரின் தலையில் ஐந்து தெருக்கள் இருந்தன. நெற்றியின் வலப்பக்கத் தழும்பு பள்ளிக்கூடத் தெரு. புருவத்தை இரண்டாகப் பிரித்தது அச்சகத் தெரு. பின்மண்டையில் முடி முளைக்காமல் பளபளக்கும் இடம் ஸ்டேஷன் ரோடு. அங்கே அவர் மேல் விழுந்தது நிரம்பிய வாளி. அந்தத் தெருவுக்கு அன்று தண்ணீர் போயிருந்தது என்பதற்கு அதைவிட என்ன சாட்சி வேண்டும் என்று அதை மட்டும் கொஞ்சம் பெருமையாகவே தடவிக்கொள்வார். காது மடலின் கிழிசல் மேட்டுத் தெரு. ஐந்தாவது எந்தத் தெரு என்பதில் வீட்டில் கருத்து வேறுபாடு உண்டு. அது தெருவே இல்லை, நான் எறிந்த இஸ்திரிப் பெட்டி என்பது அவர் மனைவியின் கட்சி.

ஊரின் கிழக்குப் பகுதிக்குக் குடிதண்ணீர் திறந்துவிடுவது அவர் வேலை. மொத்தம் முப்பத்தொரு வால்வு. நாலடி நீள இரும்புக் கம்பி ஒன்றை அலுவலகம் கொடுத்திருந்தது. மேலே குறுக்குப் பிடி, கீழே வால்வின் தலையைக் கவ்வும் சதுர வாய். அலுவலகப் பதிவேட்டில் அதன் பெயர் கருவி. தெருக்காரர்கள் அதை வேறு விதமாக அறிந்திருந்தார்கள். இருபத்தாறு வருஷத்தில் அந்தச் சாவி ஒரு முன்சக்கரத்தையும் இரண்டு ஜன்னல்களையும் ஒரு மேற்பார்வையாளரின் மணிக்கட்டையும் வளைத்திருக்கிறது. மூன்று முறை வேலையிலிருந்து நிறுத்திவைத்தார்கள். மூன்று முறையும் நாலாம் நாளே திரும்பக் கூப்பிட்டுக்கொண்டார்கள். எந்த வால்வு எந்தத் தெருவுக்கு, எத்தனை சுற்று, எதை மூடினால் எதில் ஏறும் என்பதெல்லாம் அவர் மண்டைக்குள் மட்டுமே இருந்தது. எழுதிக் கொடுக்கச் சொல்லி அலுவலகம் பதினோரு முறை கடிதம் அனுப்பியது. தனக்கு எழுத வராது என்று ஒவ்வொன்றுக்கும் அழகான கையெழுத்தில் பதில் எழுதியவர் அவர்.

ஆனால் அவருடைய உண்மையான ஆயுதம் சாவியல்ல, நாக்கு. தெருமுனையில் நின்று அவர் ஒருவனைத் திட்டினால் கடைசி வீட்டில் தூங்குகிறவனும் எழுந்து, என்னையா என்று கேட்பான். தெருவுக்குத் தெரு வசவு வேறு. படித்தவர்கள் இருக்கும் தெருவில் இலக்கணச் சுத்தமாகத் திட்டுவார். சாவியால் அடி வாங்கியவர்கள் ஒரு வாரத்தில் மறந்துவிடுவார்கள். நாக்கால் வாங்கியவர்கள் பிள்ளைகளுக்கு வரன் பார்க்கும் காலத்திலும் அதை நினைத்துத் தலை குனிவார்கள்.

அந்த நாக்கின் வலது ஓரத்தில்தான் புண் வந்தது.

அதன் கதையை அவர் மேட்டுத் தெருவிலிருந்து தொடங்குவார். அங்கே உடற்பயிற்சிக் கூடம் நடத்தும் ஜிம்காரர், தண்ணீர் வராத ஒரு காலையில் அவர் தாடையில் விட்ட குத்தில் கடைவாய்ப் பல் உடைந்தது. உடைந்த முனை நாக்கைக் கீறியது. கீறல் புண்ணாயிற்று. ஏழு மாதமாகியும் புண் ஆறவில்லை. ஜிம்காரர் மேலிருந்த கோபமும் ஆறவில்லை. இரண்டும் ஒரே வியாதி என்று அவர் நினைத்துக்கொண்டார். இருபத்தைந்து வருஷமாக அதே ஓரத்தில் புகையிலை அடக்கி வைத்திருந்தது யார் என்று மனைவி கேட்டாள். புகையிலை யாரையும் குத்தியதில்லை என்றார்.

சதைத் துணுக்கை எடுத்துப் பார்த்த பெரிய ஆஸ்பத்திரி, புற்றுநோய் என்றது. அறுவை டாக்டர் உயரமானவர், நிதானமானவர். படங்களை விளக்குப் பெட்டியில் மாட்டிவைத்து, நாக்கில் பாதிக்கு மேல் எடுக்க வேண்டியிருக்கும், தொடையிலிருந்து சதை எடுத்து அந்த இடத்தில் தைக்கலாம் என்றார். விழுங்கப் பழகிக்கொள்ளலாம் என்றும் சொன்னார்.

"பேச்சு?"

"வரும். ஆனா பழைய மாதிரி இருக்காது. கூட இருக்கறவங்களுக்குப் புரியும்."

கூட இருக்கிறவர்களுக்குப் புரிவதற்காகச் சாவிக்காரர் ஒருநாளும் பேசியதில்லை. எழுந்தார். டாக்டரின் சட்டைக் காலரைப் பிடித்து அவரை அப்படியே விளக்குப் பெட்டியில் சாய்த்தார். கண்ணாடி விரிந்தது. பின்னாலிருந்து மனைவி, ரிப்போர்ட் கோப்பைச் சுருட்டி அவர் முதுகில் நாலு போட்டாள். அவள் தையல் கம்பெனியில் நாளொன்றுக்கு நூற்றெண்பது காலர் தைப்பவள். காலர் கிழிவதைப் பார்த்துக்கொண்டு இருக்க அவளால் முடியாது. இரண்டு காவலாளிகள் வந்து பிரித்துவிட்டார்கள்.

அறுவை டாக்டர் பொத்தானைத் தேடி எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு நர்ஸிடம் சொன்னார்: "இவரை ரத்தக்குழாய் டாக்டர்கிட்ட அனுப்பு. வெட்டாமலே சரி பண்ணலாம்னு மீட்டிங்குக்கு மீட்டிங் சொல்றாங்களே. பண்ணட்டும்."

ஆக, சாவிக்காரர் அந்தப் பெண் டாக்டரிடம் போய்ச் சேர்ந்தது பாதி சிபாரிசிலும் பாதி பழிவாங்கலிலும்தான்.

டாக்டரம்மா குள்ளமானவர். கழுத்திலிருந்து முழங்கால் வரை ஈயக் கவசம் அணிந்து, பாதிச் சண்டையில் எழுந்து வந்தவர் போலிருந்தார். கழுத்தில் ஏறும் பெரிய ரத்தக்குழாயை ஒரு தாளில் மரம் போல வரைந்தார். ஒரு கிளை நாக்குக்கு, ஒன்று கன்னத்துக்கு, ஒன்று காதுக்கு முன்னால் ஏறி நெற்றிப்பொட்டுக்கு. சாதாரணமாக மருந்தைக் கை நரம்பில் ஏற்றினால் அது உடம்பு முழுக்கச் சுற்றி, நாக்குக்கு வரும்போது நீர்த்துப்போயிருக்கும். இவர் காதுக்கு முன்னால் சின்னதாகக் கீறி, நூல் மாதிரி ஒரு ட்யூபைப் பின்னோக்கித் தள்ளி, நாக்குக்குப் போகும் கிளையின் வாயில் நிறுத்திவிடுவார். மருந்து நேரே புண்ணுக்குப் போகும். கூடவே கழுத்துக்கு எக்ஸ்ரே கதிர் வைத்தியம்.

பெரும்பாலான நோயாளிகளுக்கு இதை மூன்று தடவை சொல்ல வேண்டியிருக்கும் என்று அவர் பின்னால் சொன்னார். இவர் பாதியிலேயே கையை உயர்த்தினார்.

"மெயின் லைன்ல போட்டா ஊர் பூரா போகும். நீங்க பிராஞ்சுல போடறீங்க."

"ஆமா."

"புண்ணைத் தாண்டிப் போற மருந்து எங்க வடியும்?"

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். இந்தக் கேள்வியை மாணவர்கள்கூடக் கேட்டதில்லையாம். வடிவது உடம்புக்குள்தான் போகும், அதை முறிக்கிற வேறு மருந்தை அதே நேரத்தில் கை நரம்பில் ஏற்றுவோம் என்றார்.

"சரியான தெருவுக்குத்தான் போகுதுன்னு எப்படித் தெரியும்?"

"நீலச் சாயம் விடுவோம். எந்த இடம் நீலமாகுதோ அங்கதான் மருந்து போகுது."

சாவிக்காரர் மனைவியைத் திரும்பிப் பார்த்தார். சாக்கடை எந்த இடத்தில் குழாயில் கலக்கிறது என்று கண்டுபிடிக்க அவரும் அதையேதான் செய்வார். ஏழு மாதத்தில் முதன்முதலாக அவருக்கு ஒரு மனிதப்பிறவி மேல் மதிப்பு வந்தது.

நிபந்தனையும் இருந்தது. ஆறு வாரம் ட்யூப் உள்ளேயே இருக்க வேண்டும். வெளியே வந்துவிட்டால் மறுபடி போட முடியாது. அந்தக் கிளை அடைத்துக்கொள்ளும்.

"அப்புறம் கத்திதான். அதனால ஆறு வாரம் யாரையும் அடிக்கக் கூடாது, யார்கிட்டயும் அடி வாங்கவும் கூடாது."

"முதல் பாதி என் கையில இருக்கு," என்றார் சாவிக்காரர். "ரெண்டாவது பாதி தெருக்காரங்க கையில இருக்கு."

ட்யூப் போட்ட அன்று அவருக்கு மயக்க மருந்து இல்லை, காதோரம் மட்டும் மரத்துப்போகும் ஊசி. இரண்டு கைகளையும் மேஜையோடு சேர்த்துக் கட்டியிருந்தார்கள். அதற்கு மருத்துவக் காரணம் ஏதும் இல்லை. தோலைக் கத்தி பிளந்தது. சூடாக ஏதோ காதுக்குள் வழிந்தது. தாடைக்குள் ஒரு புழு நகர்வது போல ட்யூப் இறங்குவதை அவர் திரையிலேயே பார்த்தார். சாயம் விட்டதும் கண்ணாடி கேட்டார். நாக்கின் வலப்பாதி முழுக்க நீலம். நடுவில் கோடு கிழித்த மாதிரி நின்றது. இடப்பாதியில் ஒரு பொட்டுக்கூட இல்லை. வேலை சுத்தம் என்று தலையாட்டிவிட்டு, கன்னத்தையும் கீழுதட்டையும் பார்த்தார். அங்கேயும் லேசாக நீலம் படர்ந்திருந்தது.

அவருக்கு நாக்குக் கிளையும் கன்னக் கிளையும் ஒரே அடியிலிருந்து பிரிவதால் கொஞ்சம் அந்தப் பக்கமும் போகத்தான் செய்யும், அதனால் ஒன்றும் மோசமில்லை என்றார் டாக்டரம்மா. தன் இருபத்தாறு வருஷ வேலையில் பக்கத்துத் தெருவுக்குக் கசிவதை ஒரு நாளும் சும்மா விடாதவர் அதைக் கேட்டுக்கொண்டு பேசாமல் இருந்தார். அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

வாரத்தில் ஐந்து நாள் வார்டு, சனி மதியத்திலிருந்து திங்கள் காலைவரை வீடு. அந்த ஐந்து நாளும் அவர் வாங்கிய அடி எந்தத் தெருவும் கொடுக்காதது. காலையில் முகத்துக்கு ஒரு வலைமூடி மாட்டி, அதை மேஜையில் திருகி, கழுத்தைக் கதிரால் சுடுவார்கள். பிறகு ஒரு மணி நேரம் ட்யூப் வழியே மருந்து. பிறகு வாந்தி, குடலை யாரோ பிழிந்து உதறுவது போன்ற வாந்தி. இரண்டாம் வாரம் கழுத்துத் தோல் கறுத்து உரிந்தது. மூன்றாம் வாரம் வலப்பக்க மீசை மொத்தமாகத் தலையணையில் விழுந்துவிட்டது. மிச்சப் பாதியை மழித்துவிடலாம் என்ற ஆண் நர்ஸை அவர் முறைத்த முறைப்பில் அவன் வேறு வார்டுக்கு மாற்றல் கேட்டான். அடிக்கவில்லை. அதை மனைவி டாக்டரம்மாவிடம் தனியாக எடுத்துச் சொன்னாள்.

புண் சுருங்கியது. மூன்றாம் வார முடிவில் டாக்டரம்மா அளந்து பார்த்து, பாதியாகிவிட்டது என்றார். பாதி என்ற சொல் சாவிக்காரருக்குப் போதவில்லை. மிச்ச மருந்து கன்னத்துக்கு வீணாகப் போகிறதே என்றுதான் அவருக்கு உறுத்தியது. தாடை எலும்பின் கீழ்விளிம்பில், மெல்லும்போது புடைக்கும் சதைக்குச் சற்று முன்னால், விரல் வைத்தால் ஒரு துடிப்பு தட்டுப்படுவதைக் கண்டுபிடித்தார். கன்னத்துக்கு ஏறும் கிளை அதுதான். அன்றிலிருந்து மருந்து இறங்கும் ஒரு மணி நேரமும், தூங்குகிறவர் போலக் கன்னத்தில் கை வைத்துச் சாய்ந்து, கட்டைவிரலால் அந்தத் துடிப்பை எலும்போடு சேர்த்து நசுக்கி நிறுத்தினார். வால்வை மூடியாயிற்று. முழு மருந்தும் இனி நாக்குத் தெருவுக்கே.

ஒன்பது நாள் இப்படி நடந்தது. ஒன்பதாம் நாள் அவர் நாக்கின் வலப்பாதி தோலுரித்த இறைச்சியாக இருந்தது. தண்ணீர் பட்டால் கண்ணிலிருந்து தண்ணீர் வந்தது. வாயைத் திறந்தால் ரத்தமும் எச்சிலும் நூலாகத் தொங்கின. சொல் ஒன்றும் வரவில்லை. புதிதாக வந்த நர்ஸ் கட்டைவிரலைப் பார்த்துவிட்டாள்.

டாக்டரம்மாவுக்குக் கோபம் வந்தால் குரல் இறங்கும். அன்று பக்கத்துக் கட்டில்காரருக்கே கேட்கவில்லை.

"நீங்க டாக்டரா?"

அவர் தாளில் எழுதிக் காட்டினார்: பக்கத்து வால்வை மூடினேன்.

"இது ஊர்க் குழாய் இல்லை. நாக்கு. எவ்வளவு தாங்கும்னு கணக்குப் பார்த்துத்தான் நான் கொடுக்கறேன். நீங்க ஏறக்குறைய ரெட்டிப்பாக்கிட்டீங்க. நாக்கு வெந்து போச்சு. இனி ஒரு வாரம் மருந்து கிடையாது. ஆறினாத்தான் மிச்ச மருந்து. அதுவரைக்கும் ட்யூப் பத்திரம், வாயைத் திறக்கவே கூடாது."

அது வெள்ளிக்கிழமை. ரத்தம் உறையாமலிருக்கும் மருந்தை ட்யூபில் நிரப்பி மூடி, காதோரம் பஞ்சு வைத்து ஒட்டி, சனிக்கிழமை வீட்டுக்கு அனுப்பினார்கள்.

வீட்டில் வேறொரு போர் நடந்துகொண்டிருந்தது. அவர் இல்லாத காலத்துக்குச் சாவியை அவர் ஒப்படைத்திருந்தது மனைவியின் தம்பியிடம். மச்சான் நல்லவன், பயந்தவன், ஆறடி உயரம்; அடிப்பதற்கு வசதியான ஆள். முப்பது வால்வுகளைச் சாவிக்காரர் வேண்டா வெறுப்பாக வாயால் சொல்லிக் கொடுத்திருந்தார். முப்பத்தொன்றாவதை, மேட்டுத் தெரு வால்வை, தெரிந்தே பாதி சொல்லி நிறுத்தியிருந்தார். மறுபடி தன்னைத் தேடி வர வேண்டும் அல்லவா? அந்த ஒரு வால்வு மட்டும் எதிர்மறை. மற்றதெல்லாம் இடப்பக்கம் திருப்பினால் திறக்கும். அது வலப்பக்கம் திருப்பினால்தான். அவர் திறந்தே வைத்துவிட்டுப் போனதால் மூன்று வாரம் தண்ணீர் ஓடியது. பிறகு மச்சான் அதில் கை வைத்தான்; ஆறு நாளாக அதை இடப்பக்கமாக, தன் பலம் பூராவும் போட்டுத் திறந்துகொண்டிருந்தான். மேட்டுத் தெருவில் ஆறு நாளாக ஒரு சொட்டு இல்லை.

ஞாயிறு காலை கூச்சல் கேட்டுச் சாவிக்காரர் எழுந்தார். மேட்டுத் தெரு வால்வுக் குழி அவர் வீட்டிலிருந்து நாற்பது அடி. பகைவனைப் பக்கத்திலேயே வைத்துக்கொள்ள வேண்டும் என்று அந்த வீட்டை வாடகைக்குப் பிடித்தவர் அவர். குழியைச் சுற்றி முப்பது பேர். கையில் வாளி, பிளாஸ்டிக் கேன், ஒருத்தியிடம் குக்கர் மூடி. மச்சானைக் குழிக்குள் இறக்கியிருந்தார்கள். குழியில் முழங்கால் அளவு சேற்றுத்தண்ணீர். ஜிம்காரர் அவன் பிடரியைப் பிடித்து முகத்தைச் சேற்றில் அமுக்கி, எடுத்து, மறுபடி அமுக்கினார். "தண்ணி இல்லைன்னு சொன்னியே. இதோ இருக்கே. குடி."

மூன்றாவது முறை எடுத்தபோது மச்சானின் உதடு கிழிந்திருந்தது, கண் மேலே செருகியிருந்தது. நான்காவது முறை ஜிம்காரர் எடுக்கவே அவசரப்படவில்லை.

சாவிக்காரர் வலது காதை இடது உள்ளங்கையால் பொத்திக்கொண்டு கூட்டத்துக்குள் நுழைந்தார். பாதி மீசை, கறுத்து உரிந்த கழுத்து. முதலில் யாருக்கும் அடையாளம் தெரியவில்லை. வாயைத் திறந்தார். வலப்பக்கம் திருப்புடா என்ற இரண்டே சொல். ரத்தம்தான் வந்தது. இருபத்தாறு வருஷம் ஊரையே எழுப்பிய குரல், கொதிக்கும் சட்டி மூடி போலத் தடதடத்தது. யாரோ சிரித்தார்கள். கேன் ஒன்று அவர் விலாவில் இறங்கியது. மனைவி அந்தக் கையைப் பிடித்துக் கடித்தாள்; கை எலும்பு வரை கடித்தாள் என்று கைக்காரர் பிறகு சொன்னார்.

சாவிக்காரர் ஒற்றைக் கையால் மூன்று பேரைத் தள்ளிக் குழிக்குள் குதித்தார். ஜிம்காரரின் முழங்கையை உதைத்தார். பிடி விட்டது, மச்சான் சேற்றிலிருந்து நிமிர்ந்து கோழி போல விக்கினான். அவனைச் சுவரோரம் ஒதுக்கிவிட்டுச் சாவியை வால்வில் மாட்டி வலது கையால் இழுத்தார். அசையவில்லை. ஆறு நாள் ஆறடி ஆள் இறுக்கிய இறுக்கு. ஜிம்காரர் முழங்கையை உதறிவிட்டு மறுபடி நெருங்கிக்கொண்டிருந்தார். இந்த முறை மச்சானைப் பிடித்தால் உயிரோடு விடமாட்டார்கள். அது எல்லோருக்கும் தெரிந்தது, மச்சானுக்கும்.

சாவிக்காரர் காதிலிருந்து கையை எடுத்தார். இரண்டு கைகளாலும் குறுக்குப் பிடியைப் பற்றி, வலப்பக்கமாகத் திருப்பினார்.

ஆறு நாளாகக் குழியைச் சுற்றியே நின்று அந்தத் தெருவுக்கும் வால்வு ஞானம் வந்திருந்தது. இடம் என்றால் திறப்பது, வலம் என்றால் மூடுவது. மேலிருந்து ஒருத்தி சொன்னாள்: "வலப்பக்கம் திருப்பறான் பாரு. மூடறான்."

அதற்கப்புறம் நடந்ததை வரிசையாகச் சொல்ல யாராலும் முடியவில்லை. வாளி தோளில் விழுந்தது. குக்கர் மூடி நெற்றியைக் கிழித்தது. அவர் திருப்பினார். ஜிம்காரர் பின்னாலிருந்து தலையைக் கட்டிப்பிடித்துத் திருகி இழுத்தார். பஞ்சும் பிளாஸ்திரியும் அவர் முஷ்டிக்குள் மாட்டின. இன்னும் இழுத்தார். எதுவோ நீளமாக வந்துகொண்டே இருந்தது. காதுக்கு முன்னாலிருந்து ரத்தம் துடிப்புத் துடிப்பாக எகிறி ஜிம்காரர் கண்ணில் அடித்தது. சாவிக்காரர் அப்போதும் கையை விடவில்லை. ஏழு, எட்டு, ஒன்பது. பதினோராவது சுற்றில் தரைக்கடியில் லாரி போவது போல ஓர் உறுமல் எழுந்தது.

"தண்ணி" என்று ஒருவர் சொன்னார். அரை நிமிஷத்தில் குழியைச் சுற்றி ஆளில்லை. முப்பது பேரும் அவரவர் குழாய்க்கு ஓடிவிட்டார்கள். நியாயம்தான், முக்கால் மணி நேரம்தான் வரும். மச்சான் சேற்றை வாந்தியெடுத்தான். ஜிம்காரர் மட்டும் கையிலிருந்த ட்யூபைப் பார்த்தபடி நின்றார்.

மனைவி குழிக்குள் இறங்கி, கணவன் காதுக்கு முன்னால் கட்டைவிரலை வைத்து அழுத்தினாள். ரத்தம் நின்றது. இழுத்த ஊசியை நூல் அறாமல் பிடித்துப் பழகிய விரல் அது. அந்தக் கையை எடுக்காமலே ஜிம்காரரிடம் சொன்னாள்.

"நீ புடுங்கினது ட்யூப் இல்லை. அவர் நாக்கு. போய் வண்டியை எடு."

ஜிம்காரர் போய் வண்டியை எடுத்தார்.

டாக்டரம்மா காதோரத்தில் நாலு தையல் போட்டார். நெற்றிக்கு ஆறு. ட்யூபை வாங்கி வெளிச்சத்தில் பார்த்துவிட்டுத் தட்டில் போட்டார். குரல் இறங்கவில்லை, கோபம் தீர்ந்துபோயிருந்தது.

"மறுபடி போட முடியாது. நான் சொன்னேன்ல."

சாவிக்காரர் தாளை வாங்கி எழுதினார்: மச்சானைக் கொன்னிருப்பாங்க.

"சரி," என்றார் அவர்.

அறுவை டாக்டர் வந்து கட்டிலுக்கு ஒரு கை நீளத்துக்கு அப்பாலேயே நின்றார். நிலைமையைச் சுருக்கமாகச் சொன்னார். வைத்தியம் பாதியில் நிற்கிறது, கதிர் மிச்சமிருப்பதை முடித்தாலும் புண்ணின் வேர் போய்விட்டது என்று யாரும் உறுதி சொல்ல முடியாது, எடுத்துவிட வேண்டும். எவ்வளவு என்று திறந்து பார்த்தால்தான் தெரியும். பாதிக்குச் சம்மதித்துக் கையெழுத்துப் போட வேண்டும். சாவிக்காரர் பேனாவுக்குக் கை நீட்டியபோது டாக்டர் தன்னையறியாமல் காலரைத் தொட்டுக்கொண்டார். கையெழுத்து மட்டும்தான் விழுந்தது; எழுதத் தெரியாதவருக்கு வெகு அழகு.

வெந்த நாக்கு ஆறும்வரை மூன்று வாரம் காத்திருந்தார்கள். அந்த மூன்று வாரமும் சாவிக்காரர் ஒரு வார்த்தை பேசவில்லை. பேச முடியும், இருக்கிறதைச் செலவு செய்ய மனமில்லாதவர் போல வாயை மூடிக்கொண்டு கிடந்தார். அறுவைக்கு முந்தின நாள் சாயங்காலம் மட்டும் மனைவியைக் கூப்பிட்டு, முப்பத்தொன்றாவது வால்வைப் பற்றிய முழு விவரத்தையும் காதோடு சொன்னார். மச்சானிடம் சொல்லிவிடு என்றார். ஏன் முன்னாலேயே சொல்லவில்லை என்று அவள் கேட்கவில்லை. தலையணையை எடுத்து அவர் முகத்தில் ஒன்று வைத்துவிட்டு, திரும்பவும் தலைக்கடியில் சரியாக வைத்தாள்.

அறுவை நாலு மணி நேரம் நடந்தது. கழுத்தையும் கீறி நெறிக்கட்டிகளை எடுத்தார்கள். வெளியே வந்த அறுவை டாக்டர் கொஞ்சம் ஏமாந்தவர் போலவே இருந்தார். பாதிக்கு மேல் எடுக்கத் தயாராகப் போனவருக்கு, நகத்தளவு வடுதான் கிடைத்ததாம். சுற்றி விளிம்பு விட்டு எடுத்ததில் போனது கால் பாகம். தொடைச் சதை தேவைப்படவில்லை. எடுத்த துண்டைச் சோதித்தபோது ஒரே ஒரு மூலையில்தான் உயிருள்ள நோய் இருந்தது.

எது காரணம் என்பதில் இரண்டு டாக்டர்களுக்கும் இன்றுவரை ஒத்துப்போகவில்லை. நாலு வார மருந்தும் கதிரும் என்கிறார் டாக்டரம்மா. அந்த ஆளின் கட்டைவிரலாகவும் இருக்கலாம் என்று அறுவை டாக்டர் மீட்டிங்கில் சொல்ல, டாக்டரம்மா கோப்பை மூடிவிட்டு எழுந்து போனார். வேறு எவனாவது நாளைக்குத் தாடையை நசுக்கிக்கொண்டு கிடந்தால் நீங்களா வந்து பார்ப்பீர்கள் என்பது அவர் கேள்வி. அதுவும் சரிதான்.

கால் பாகம் போன நாக்கு பேசுமா என்பதை யாரும் சொல்லவில்லை. தையல் ஆறட்டும் என்றார்கள். ஒன்பதாம் நாள், சாப்பாட்டுக்குப் போட்டிருந்த மூக்குக் குழாயை எடுத்தபின், பேசிப் பாருங்கள் என்று பேச்சுப் பயிற்சி கொடுக்கும் பெண் வந்து சொன்னாள். அ சொல்லுங்க, ல சொல்லுங்க என்றாள். சாவிக்காரர் சுவரைப் பார்த்தார். மனைவி கெஞ்சிப் பார்த்தாள், அதட்டிப் பார்த்தாள். வாய் திறக்கவில்லை. திறந்து ஒன்றும் வராவிட்டால்? குழிக்குள் ஒரு முறை அதைப் பார்த்தாயிற்று.

அன்று மாலை பார்வையாளர் நேரத்தில் ஜிம்காரர் வந்தார். இரண்டு கை நிறையப் பழம். கட்டிலருகே நின்று, தெரியாமல் நடந்துவிட்டது, ட்யூப் என்று தெரிந்திருந்தால் தொட்டிருக்க மாட்டேன், தாடையில்தான் குத்தியிருப்பேன் என்று தனக்குத் தெரிந்த பாஷையில் மன்னிப்புக் கேட்டார். சாவிக்காரர் விரலை மடக்கிக் கிட்டே கூப்பிட்டார். ஜிம்காரர் குனிந்தார். அறை விழுந்த சத்தத்தில் வார்டு மொத்தமும் திரும்பியது. பழங்கள் கட்டிலுக்கடியில் உருண்டன.

ஜிம்காரர் கன்னத்தைத் தடவிக்கொண்டு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"அடிச்சாச்சு. திட்டவும் திட்டிடுங்க. அது இல்லாம எனக்கு என்னமோ மாதிரி இருக்கு."

சாவிக்காரர் தலையணையிலிருந்து நிமிர்ந்து உட்கார்ந்தார். பிறகு தொண்டையைச் செருமினார். முதல் சொல் எச்சிலில் வழுக்கியது. இரண்டாவது பல்லில் இடித்தது. ஒரு முழு வாக்கியம், இழுத்து இழுத்து, ஈரத்துணி பிழிவது போல வெளியே வந்தது. மனைவி கையில் பிடித்திருந்த டம்ளரை அசைக்காமல் நின்றாள்.

"புரியலை," என்றார் ஜிம்காரர். கேலியில்லை, உண்மையிலேயே காதைத் திருப்பிக் காட்டினார்.

சாவிக்காரரின் கழுத்து நரம்பு புடைத்தது. நாக்கை ஒரு பக்கமாகச் சாய்த்து, மீதமிருந்த முனையைப் பல்லுக்குப் பின்னால் நிறுத்திக்கொண்டு, அதே வாக்கியத்தை மறுபடி சொன்னார், ஒவ்வொரு சொல்லாக, அவசரமில்லாமல்.

ஜிம்காரரின் முகம் சிவந்தது. ஸ்டூலைத் தள்ளிவிட்டு எழுந்தார்.

"என்னைச் சொல்லுங்க, கேட்டுக்கறேன். எங்கம்மாவை எதுக்கு இழுக்கறீங்க?"